எழுதியவன் ஏட்டைக் கெடுக்கலாமா?

“எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்தை விட்டும் ஓரடியை மாற்றியும் மூலத்தைச் சிதைத்த கொடுமையை நேரிற் கண்டு நொந்தவர் வாயிலிருந்தே இது பிறந்திருத்தல் வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் மறைந்து, வீடுதோறும் கணினியும் வன்தட்டும் புகுந்துவிட்ட இக்காலத்தில் இப்பழமொழிக்கு இனி வேலை இல்லை என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதைச் சொறிக்கல்முனை மாணவன் ஒருவன் நமக்கு உணர்த்தினான்.

கிட்டங்கியைக் கடந்து வந்த தட்டுகள்

கல்முனை நகரிலிருந்து மேற்கே திரும்பிக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சென்றால், வயல்களின் நடுவே அமைந்திருக்கிறது சொறிக்கல்முனை. திருச்சிலுவைத் திருத்தலத்தாற் பெயர்பெற்ற ஊர் அது. மாரி வெள்ளம் தாம்போதியை மூடிவிட்டால் அவ்வழிப் போக்குவரத்துத் தடைப்பட்டுப் போகும். அத்தகைய மாரியொன்று தொடங்கு முன்னர், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் பொலித்தீன் உறையிற் சுற்றிய இரண்டு வன்தட்டுகளுடன் நம் வீட்டுக்கு வந்தான்.

“சேர், இதுக்குள்ள எங்கட அப்பப்பாட குரல் இருக்கு. எப்படியும் எடுத்துத் தரணும்” என்றான்.

அவனுடைய பாட்டனார் அவ்வட்டாரத்திற் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். அவர் கண்மூடு முன் பாடிய தென்மோடிக் கூத்துப் பாடல்களை மகனார் ஒலிப்பதிவு செய்து கணினியிற் சேமித்திருந்தார். அப்பாடல்கள் எழுத்தில் இல்லை; பதிவுக்கு வேறு பிரதியும் இல்லை. அவை இருந்த 500 கிகாபைட்டுத் தட்டோ நோயுற்றுவிட்டது. கடையொன்றிற் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி பிரதியான அளவில் வேலை நின்றுவிட்டது. அந்த அரைகுறைப் பிரதியைக் கடைக்காரர் வீட்டிலிருந்த மற்றத் தட்டிலே ஒரு கோப்பாகப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் தட்டிலேதான் மாணவனின் தமக்கையாருடைய திருமணப் படங்கள் யாவும் இருந்தன.

மாணவன் கெட்டிக்காரன். எங்கோ கற்றுக்கொண்ட கட்டளையொன்றைத் தன் மடிக்கணினியில் எழுதியும் வைத்திருந்தான். “ஒருக்காப் பாருங்க சேர். சரியெண்டா என்டரைத் தட்டுறன்” என்றான். பார்த்தோம், நெஞ்சு திடுக்கிட்டது. அரைகுறைப் பிரதியை எடுத்துத் திருமணப் படங்கள் இருந்த தட்டின் தலையிலிருந்து எழுதிக்கொண்டு போகும்படி அக்கட்டளை பணித்தது. விரல் ஒருமுறை அழுந்தியிருந்தாற் படங்கள் போயிருக்கும். அந்த அரைகுறைப் பிரதியும் அதே தட்டில் இருந்தமையால், அது தன்னைத் தானே அழித்திருக்கும். பாட்டனாரின் குரலும் போய், பேத்தியின் கலியாணமும் போய், வெறுந் தட்டே எஞ்சியிருக்கும்.

தட்டும் அதன் படிமமும்

இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது அடிப்படை வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுப் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கை அளவான தட்டொன்று அதனைப்போற் பல்லாயிரம் மடங்கு கொள்கிறது. ஆயினும் முறை மாறவில்லை. தட்டின் பரப்பு வரிசை எண்ணிட்ட சிறு துண்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். துண்டம் ஒன்றுக்கு 512 பைட்டு என்பது நெடுங்கால வழக்கு. மாணவனின் 500 கிகாபைட்டுத் தட்டில் அத்தகைய துண்டங்கள் 97 கோடியே 67 இலட்சத்துக்கு மேல் உள்ளன.

முதலாவது துண்டத்திலே, பழைய அமைப்பின்படி, 64 பைட்டு அளவான அட்டவணையொன்று உண்டு. தட்டிலே எத்தனை பிரிவுகள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும். புதிய அமைப்பிலே இவ்வட்டவணை சற்று விரிவானது. அதன் பிரதியொன்று தட்டின் இறுதியிலும் வைக்கப்படுகிறது. தலைப்பக்கத்தை இழந்த புத்தகத்தையும் வாசிக்கலாம். அட்டவணையை இழந்த தட்டையோ கணினி வெறுந் தட்டு என்றே கருதிவிடும்.

முதல் துண்டம் தொடங்கிக் கடைசித் துண்டம் வரை உள்ளதை உள்ளபடியே வரிசையாகப் பெயர்த்தெடுத்தால் அது தட்டின் படிமம் ஆகும். இளைஞர் ‘இமேஜ்’ என்பது இதனையே. பாதியில் நின்றுபோனாற் குறைப்படிமம். ஈண்டு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். படிமத்தை ஒரு கோப்பாகத் தட்டிலே வைப்பது வேறு. படிமத்தைத் தட்டின் மேலேயே எழுதுவது வேறு. முன்னையது, அலுமாரியில் இன்னொரு புத்தகத்தை வைப்பது போன்றது. பின்னையது, அலுமாரியையே உடைத்துப் புதிதாகச் செய்வது போன்றது. சொறிக்கல்முனை மாணவன் முன்னையதைச் செய்வதாக எண்ணிக்கொண்டு பின்னையதைச் செய்யப் புறப்பட்டான்.

‘டீடீ’ என்னும் இருமுனைக் கத்தி

யூனிக்ஸ் கணினிகளில் 1974 அளவிலிருந்தே ‘டீடீ’ என்றொரு கட்டளை வழங்கி வருகிறது. ‘இதிலிருந்து எடு, அதிலே எழுது’ என்பதே அதன் தொழில். எதற்கும் அது மறுகேள்வி கேட்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு நிற்கும். ‘தட்டழிப்பான்’ என்று கணினியாளர் அதற்குப் பட்டப்பெயர் சூட்டியிருப்பது இதனாலேதான்.

குறைப்படிமத்தை எழுதும்போது இக்கட்டளையால் விளையக்கூடிய தவறுகள் மூன்று. முதலாவது, மூலத்தையும் சேரிடத்தையும் மாற்றிச் சொல்லிவிடுவது. அப்போது வெறுந் தட்டு நிறைந்த தட்டின் மேல் எழுதப்படும். இரண்டாவது, எழுதத் தொடங்க வேண்டிய இடத்தைச் சொல்ல மறப்பது. தட்டின் நடுப்பகுதிக்கு உரியதை அது தலையிலிருந்து எழுதி, அட்டவணையை அழித்துவிடும். மூன்றாவது, ‘வெட்டாதே’ என்று பொருள்படும் ‘நோட்ரங்க்’ என்ற சொல்லை விட்டுவிடுவது. முழுப் படிமக் கோப்பொன்றின் நடுவிலே சிறு பகுதியைச் செருக முனைந்தால், அச்சொல் இல்லாதவிடத்து, செருகும் இடத்துக்குப் பின்னாலுள்ள யாவும் எழுதத் தொடங்கு முன்னரே வெட்டுண்டுவிடும். பத்து வரியைத் திருத்தப்போய் நூறு பக்கத்தைக் கிழித்த கதையாக முடியும்.

இவற்றுள் முதலாவது தவறை நாமே செய்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், கிராமந்தோறும் சென்று தொகுத்த நாட்டார் பாடற் குறிப்புகளைப் பழைய தட்டிலிருந்து புதியதற்கு மாற்ற ஓரிரவு அமர்ந்தோம். கணினியில் ஒன்று ‘எஸ்டிஏ’, மற்றையது ‘எஸ்டிபி’. முதல்நாள் குறித்துவைத்த பெயர்களையே மறுநாளும் நம்பினோம். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அப்பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பதை அப்போது அறியோம். விடிந்தபோது இரண்டு தட்டுகளும் ஒரே மாதிரி வெறுமையாய் இருந்தன. அக்குறிப்புகளைச் சொன்ன மூதாட்டியர் சிலர் அதற்குள் மறைந்தும் விட்டனர். மாணவனின் கையை நாம் தடுத்தது கல்வியினால் அன்று, பட்ட சூட்டினாலேயே.

இது நம்மைப் போன்ற ஆசிரியர்க்கு மட்டும் நேர்வது என்று எண்ணற்க. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி இரவு, உலகெங்குமுள்ள நிரலாளர் தங்கள் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் ‘கிட்லாப்’ நிறுவனத்தில், களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் துணைக் கணினியில் அழிக்க வேண்டியதை முதன்மைக் கணினியில் அழிக்கும்படி கட்டளையிட்டுவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் நாலரை கிகாபைட்டே எஞ்சியது. காப்புக்கென ஏற்படுத்தியிருந்த வழிகள் பலவும் அன்று உதவவில்லை. தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஆறு மணி நேரப் பழைய பிரதியொன்றே அந்நிறுவனத்தைக் காத்தது. நடந்ததை மறைக்காமல் உலகுக்கு வெளியிட்ட அவர்களது நேர்மையைப் பாராட்டல் வேண்டும்.

அழிந்த எழுத்தும் அழியாத எழுத்தும்

பழைய எழுத்தின் மேற் புதிய எழுத்து எழுதுவது பழங்காலத்திலும் உண்டு. கிரேக்கப் பேரறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கொண்ட பத்தாம் நூற்றாண்டுத் தோலேடு ஒன்றை 1229ஆம் ஆண்டிலே சுரண்டி, அதன்மேற் கிறித்தவ வழிபாட்டு நூலை எழுதினர். தோல் கிடைத்தற்கரிய காலம் அது. 1906இல் ஐபேர்க் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர் அடியிலே மங்கிக் கிடந்த வரிகளை இனங்கண்டார். 1998இல் அவ்வேடு 20 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. பின்னர் பல்வகை ஒளியிற் படமெடுத்து அடியெழுத்தைப் பெரும்பாலும் மீட்டுவிட்டனர்.

வன்தட்டுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. கோப்பொன்றை அழிக்கும்போது பெரும்பாலும் அட்டவணையில் அதன் பெயரே அடிக்கப்படுகிறது. உள்ளடக்கம் அவ்விடத்திலேயே கிடக்கும், மீட்கவும் கூடும். ஆனால் அவ்விடத்தின் மேல் வேறொன்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், இக்காலத் தட்டுகளில் அடியெழுத்து என்று எதுவும் எஞ்சுவதில்லை. எனவே பழுதுற்ற தட்டைக் கண்டு அஞ்சுவதிலும் பார்க்க, பழுதுறாத தட்டின் மேல் எழுதுவதற்கே நாம் அதிகம் அஞ்சுதல் வேண்டும்.

கும்பகோணத்து ஆசிரியர் காட்டிய வழி

அரைகுறைப் பிரதிகளை ஒன்றுசேர்த்து முழுமை காணும் கலை தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டால் நொறுங்கும் ஓலைகளோடு போராடி 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊரூராய் அலைந்து ஏடுகளைத் திரட்டி 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஓரேட்டில் முதல் இல்லை. இன்னோரேட்டில் நடு இல்லை. மற்றொன்றிற் செல்லரித்த துளைகள். ஒன்றில் இல்லாததை மற்றொன்றிற் கண்டு உரிய இடத்திற் சேர்த்தார். எந்த ஏட்டிலும் கிடைக்காத இடத்திலோ புள்ளிகளை இட்டு வெற்றிடமாகவே விட்டார். 400 பாடல்களில் 267ஆம், 268ஆம் பாடல்கள் இன்றும் இல்லை. தமிழறிவில் அவருக்கு ஒப்பார் அரியர். நினைத்திருந்தால் அவ்விடங்களைத் தாமே நிரப்பியிருக்கலாம். அவர் நிரப்பவில்லை. அதனாலேயே அவர் பதிப்பை நாம் நம்புகிறோம்.

இந்த முறையையே ஒரு கணினி நிரலும் கையாள்கிறது என்றால் வாசகர்கள் வியப்பார்கள். அந்தோனியோ டயஸ் டயஸ் என்பார் 2004 முதல் உருவாக்கி, எவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டுவரும் ‘டீடீரெஸ்கியூ’ என்பதே அந்நிரல். நலமான பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, நோயுற்ற இடங்களைக் கடைசிக்கு விட்டுவைக்கும். ஒவ்வோர் இடமும் எடுக்கப்பட்டதா, எடுக்க முடியாததா, இன்னும் தொடப்படாததா என்பதைத் தனியானதொரு கணக்கேட்டிற் குறித்துக்கொண்டே செல்லும். மின்சாரம் நின்றாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாசிக்க முடியாத இடத்துக்காகச் சேரிடத்திற் சுழியங்களை எழுதுவதில்லை. ஏற்கெனவே உள்ளதை வெட்டுவதும் இல்லை. ஒரே தட்டின் இரண்டு மூன்று சிதைந்த பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால், ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பி ஒரே படிமமாக்கித் தரும். நேரே ஒரு தட்டின் மேல் எழுதச் சொன்னாலோ, வற்புறுத்திப் பணித்தாலன்றி எழுத மறுத்துவிடும்.

இரண்டு இரவும் ஒரு பகலும்

மாணவனிடம் முதலிற் சொன்னது, இருக்கும் இரு தட்டுகளிலும் எதையும் எழுதக்கூடாது என்பதே. 1 டெராபைட்டுப் புதுத் தட்டொன்றை வாங்கிவரச் செய்தோம். மூன்று தட்டுகளின் கொள்ளளவையும் தொடரெண்ணையும் கடதாசியில் எழுதி, அவற்றின் மேலேயே ஒட்டினோம். கடைக்காரரின் குறைப்படிமத்தைப் புதுத் தட்டுக்குப் பிரதி செய்தோம். இரண்டும் ஒன்றே என்பதை அறிய ‘எஸ்எச்ஏ-256’ என்னும் முத்திரை எண்ணைக் கணித்து ஒப்பிட்டோம். கோப்பில் ஒரு பிட்டு மாறினாலும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். 64 இடங்களும் பொருந்தின. அதன்பின் அந்தப் பிரதியிலேயே வேலை செய்தோம். கடைக்காரர் தந்ததைத் தொடவில்லை.

அக்குறைப்படிமம் 180 கிகாபைட்டு நீளம். அது ‘டீடீ’யால் எடுக்கப்பட்டது. வாசிக்க முடியாத முதல் இடத்தில் ‘டீடீ’ தானாக நின்றுவிடுவது இயல்பு. ஆகையால் அந்த நீளம் வரை உள்ளது முழுவதும் நலமானது என்று கொள்ளலாம். நோயுற்ற தட்டிலோ அதற்குள் முற்பகுதியும் கெட்டிருந்தது. அரைகுறை என்று மாணவன் எள்ளிய அப்பிரதியே இப்போது அம்முற்பகுதிக்கு ஒரே சாட்சி. அது முடிந்த இடத்தின் எண்ணைக் கொடுத்து, அங்கிருந்து மேற்பட்டதை மட்டும் அதே எண்ணுள்ள இடத்தில் எழுதும்படி ‘டீடீரெஸ்கியூ’வைப் பணித்தோம். என்டரைத் தட்டு முன் மூலம் எது, சேரிடம் எது, தொடங்கும் இடம் எது என்று மாணவனை வாய்விட்டு வாசிக்கச் செய்தோம். இரண்டு இரவும் ஒரு பகலும் தட்டு முனகிக்கொண்டு ஓடியது.

மூன்றாம் நாட் காலையிற் படிமத்தை ‘வாசிக்க மட்டும்’ என்ற நிலையில் திறந்தோம். அண்ணாவியாரின் குரல் எழுந்தது. மாணவன் ஒன்றும் பேசாமல் முற்றத்துக்குப் போய்விட்டான்.

பாடல்கள் யாவும் கிடைத்தன, ஓரிடம் தவிர. ஒரு விருத்தத்தின் நடுவிலே ஏறத்தாழ 1,400 துண்டங்கள் மீளவில்லை. இசைத்தட்டுத் தரத்திலான பதிவில் அது நான்கு விநாடி. அந்நான்கு விநாடியும் மௌனம். “நான் பாடி அந்த இடத்தில ஒட்டட்டா சேர்?” என்றான் மாணவன். வேண்டாம் என்றோம். மாரி முடிந்தபின், பாட்டனாரிடம் கூத்துப் பழகிய முதியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவ்வடியைப் பாடச்செய்து பதிந்து வந்தான். அதனை மூலத்தில் ஒட்டவில்லை. தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைத்து, ‘இன்னாரிடம் கேட்டது’ என்ற குறிப்பும் நாளும் எழுதினான்.

இல்லத்தார்க்குச் சில வார்த்தை

கட்டளை எழுதத் தெரியாதவர்களும் கைக்கொள்ளத்தக்கவை சில. பழைய தட்டையோ நினைவட்டையையோ செருகியதும் ‘வடிவமைக்க வேண்டுமா?’ என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்பதே விடை. தட்டிலே ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டால் உடனே நிறுத்துக. அது மீட்புத் தொழில் கற்றார்க்குரிய வேலை. மீட்டெடுத்ததை அதே தட்டில் ஒருபோதும் சேமிக்கற்க. களைத்த இரவிற் பிரதி செய்ய அமரற்க.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்கும் மூன்று பிரதிகள் வைத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் நன்று. ஒன்றாவது வேற்றிடத்தில், வேற்றூரில் இருத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, பிறிதோரிடத்தும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கல்முனைக் கரையிற் கடல் புகுந்தபோது மனிதரோடு அவர்களுடைய படங்களும் பத்திரங்களும் போயின. நெருப்பும் நீரும் ஓரிடத்துக்கு வரும்; ஈரிடத்துக்கு ஒரே நாளில் வருதல் அரிது.

அண்ணாவியாரின் பாடல்கள் இப்போது சொறிக்கல்முனையில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று, நம் வீட்டில் ஒன்று என மூன்றிடத்தில் இருக்கின்றன. மூன்றிலும் அந்நான்கு விநாடி மௌனமும் அப்படியே இருக்கிறது. பெயர்த்தெழுதுவோன் உள்ளதைக் கெடாமலும் இல்லாததைச் சேர்க்காமலும் எழுதினால், ஏட்டைக் கெடுத்தான் என்ற பழி அவனைச் சாராது.